ஒரு மூட்டைக்கு ஒரு பீப்பாய்

அத்திமரத் தோட்டம், டோரு ஆற்றங்கரை, போர்ச்சுகல்
1818 நவம்பர் 3

தம்பி ஆபெல்,

இங்கே எல்லோரும் சுகம், நீ அனுப்பிய துணியைத் தவிர.

அறுவடைக்கு வந்த ஆட்களுக்கு அந்த மூட்டையிலிருந்துதான் மேலங்கி தைத்துக் கொடுத்தேன். போன செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. நம் யார்க்ஷயரில் அதை மழை என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். நனைந்து காய்ந்த பிறகு பார்த்தால் அத்தனை பேருக்கும் அங்கியின் கை முழங்கைக்கு மேலே ஏறி நிற்கிறது. என் மேஸ்திரி செஃபெரினோ ஆறடி ஆள். தொப்புள் தெரிய என் முன்னால் வந்து நின்று, "அம்மா, இது எனக்குத் தச்சதா, எம் மகளோட பொம்மைக்குத் தச்சதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நெசவாளி வீட்டில் பிறந்தவளிடம் இந்த வேலை வேண்டாம். ஈரத் துணியை ஆணிச்சட்டத்தில் மாட்டி உலர்த்தும்போது அளவுக்கு மேல் இழுத்திருக்கிறாய். இருபத்தேழு கஜத்தை முப்பது கஜமாக்கி அனுப்பியிருக்கிறாய். தண்ணீர் பட்டதும் துணி உண்மையைச் சொல்லிவிட்டது. நான் ஒற்றைக் கையால் நெய்தாலும் இதைவிட நன்றாக நெய்வேன்.

என் கல்யாணத்தன்று அப்பாவும் என் வீட்டுக்காரரும் கைகுலுக்கிப் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கும். வருஷத்துக்கு ஒரு மூட்டை துணி இங்கே, ஒரு பீப்பாய் ஒயின் அங்கே. இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேச்சு மட்டும் பதினைந்து வருஷமாக நிற்கிறது. பிரெஞ்சுப் படை ஆற்றங்கரையில் நின்ற வருஷம்கூட நான் பீப்பாயை ஏற்றி அனுப்பினேன்.

"இழுத்தேன்" என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

உன் அக்கா,
ஹெஸ்டர்


சட்கிளிஃப் நெசவுக்கூடம், ஹெப்டன் பள்ளத்தாக்கு, யார்க்ஷயர்
1818 நவம்பர் 28

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கடிதம் பெறுகிறவன் தலையில்தான் தபால்கூலி என்பதால், திட்டு வாங்குவதற்கும் நானே கூலி கொடுக்க வேண்டியதாயிற்று.

துணியில் குற்றம் இல்லை. எங்கள் துணி இங்கே தினமும்தான் நனைகிறது. யாருடைய தொப்புளும் வெளியே வந்ததில்லை. வெயில் ஊர்க்காரர்களுக்குத் துணியை நனைக்கத் தெரியவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்?

பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். தங்கள் பீப்பாய் மட்டும் என்ன வாழ்ந்தது? நம் ஜெபக்கூடத்து மூப்பர் கிரீன்வுட் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் ஆபெல், உங்கக்கா இதுல புளியங்கொட்ட ஏதும் போடுறாங்களா?" என்று கேட்கவில்லை, ஆனால் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஒற்றைக் கை! இதைத்தான் எதிர்பார்த்தேன். எனக்கு ஆறு வயதில் தறியில் நாடா எறியச் சொல்லிக்கொடுத்தபோதும் இதே ஒற்றைக் கைதான். "ஹெஸ்டர் ஆம்பளையாப் பொறந்திருக்கணும்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஒரு வரிக்கு நான் முப்பது வருஷமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இனி மூட்டை வராது. பீப்பாயும் வேண்டாம். ஒயின் என்ன வானத்திலிருந்து விழுந்த மன்னாவா? நானே இங்கே திராட்சை போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆபெல் சட்கிளிஃப்


அத்திமரத் தோட்டம்
1819 ஜனவரி 10

ஆபெல்,

உன் கடிதத்தைச் செஃபெரினோவுக்குப் படித்துச் சொன்னேன். "உங்க ஊர்ல திராட்சையா? அங்க வெயில் வருமாம்மா?" என்றான். "ஒரு வருஷம் வந்துச்சு" என்றேன்.

நானும் முடிவு செய்துவிட்டேன். ஆச்சாரியைக் கூப்பிட்டுத் தறி செய்யச் சொல்லியாகிவிட்டது. திராட்சை மிதிக்கிற மிதிதொட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் போட்டிருக்கிறேன். மலையிலிருந்து கம்பளி வந்து இறங்கிவிட்டது. கொடிகளை வெட்டிக் கவாத்து செய்கிற காலம் இது. அதைச் செஃபெரினோ பார்த்துக்கொள்வான்.

ஒரே ஒரு சிக்கல். நம் ஊரில் கம்பளிப் பிசுக்கை எடுக்க வீட்டுக்கு வீடு வாசலில் தொட்டி வைத்து மூத்திரம் சேர்ப்போமே, வாரம் இரண்டு தடவை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகுமே, அந்த நல்ல வழக்கம் இங்கே இல்லை. அதைப் போய்த் தெருவில் கொட்டி வீணாக்குகிறார்கள்! பழைய பீப்பாய்களை இரண்டிரண்டாக அறுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். எதை ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. துணி வெளுக்கத்தான் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம்தானே?

ஹெஸ்டர்


நெசவுக்கூடம்
1819 மார்ச் 20

அக்கா,

தறி போட்ட செய்தி அறிந்தேன். வாழ்த்துகள்.

என் வேலையும் சும்மா இல்லை. சாயக்கூடத்துச் சுவரை ஒட்டிக் கண்ணாடி அறை ஒன்று கட்டிவிட்டேன். பெரிய பங்களாத் தோட்டக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஏற்கனவே காய்த்த கொடி மூன்று, தொட்டியோடு வாங்கி வந்திருக்கிறேன். உள்ளே அடுப்பு அணையாமல் எரிகிறது. அதற்கு நிலக்கரி போடத் தறியிலிருந்து இரண்டு நெசவாளிகளை எழுப்பி வந்திருக்கிறேன். ஊரிலேயே கதகதப்பான இடம் இப்போது என் திராட்சைக்குத்தான். தபித்தா துவைத்த துணியைக் கொண்டுவந்து கொடியிலேயே காயப்போடுகிறாள். "புருஷன் கட்டுன அரண்மனை, பொண்டாட்டிக்கு ஒரு மூலை கெடையாதா?" என்கிறாள்.

நேற்று ஒரு துளிர் வந்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்.

ஆபெல்


அத்திமரத் தோட்டம்
1819 மே 16

ஆபெல்,

துளிருக்கு என் ஆசீர்வாதம்.

என் முதல் மூட்டை தறியிலிருந்து இறங்கிவிட்டது. நாற்பது நாள். நீ ஐம்பது நாள் எடுப்பாய். அதிலும் என் துணி உன்னுடையதைவிட நெருக்கம், மென்மை. நனைத்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை குறையவில்லை. அதில் கறுப்புச் சாயம் போட்டுப் பாதிரியார் அன்செல்மோவுக்கு ஓர் அங்கி தைத்துக் கொடுத்தேன். நான் அவர் கோயிலுக்குப் போகாதவள் என்பதால் ஏழு வருஷமாக என்னிடம் வானிலையைத் தவிர வேறு பேசாத மனிதர், போட்டுக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஹெஸ்டரம்மா, இதப் போட்டா பாட்டுப் பூசையே வைக்கலாம் போல இருக்கு" என்றார்.

உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன், பெருமைக்கு இல்லை.

சரி, பெருமைக்கும்தான்.

செஃபெரினோ மட்டும் உர்ரென்று இருக்கிறான். நான் தறியில் உட்கார்ந்திருந்த நாற்பது நாளும் கீழ்ச்சரிவுக் கொடிகளைக் கவனிக்க ஆள் இல்லை. அவனுக்குக் கொத்தத் தெரியும், எந்தக் கொடியை எங்கே விடுவது என்று என் அளவுக்குத் தெரியாது. "ரெண்டு பீப்பா போச்சும்மா" என்கிறான். போகட்டும். மானம் இரண்டு பீப்பாயைவிடப் பெரிது.

ஹெஸ்டர்


நெசவுக்கூடம்
1819 ஜூன் 12

அக்கா,

உன் கடிதத்தைத் தபித்தா சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தாள். பாதிரியார் சுற்றிய இடத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏங்க, உங்கக்காவுக்கு ஒரு மூட்ட துணிக்கு நாப்பது நாள். அந்த நாப்பது நாள்ல ரெண்டு பீப்பா போச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அப்போ அவங்க ஒரு பீப்பா பண்ண இருபது நாள். சரியா?"

"சரி."

"நாம ஒரு மூட்டைக்கு ஒரு பீப்பா மாத்திக்கிட்டிருந்தோம். அப்போ அவங்களுக்கு இருபது நாள்ல ஒரு மூட்ட கெடச்சுக்கிட்டிருந்துச்சு. இப்போ நாப்பது நாளாவுது. கெட்டிக்காரத்தனத்துக்குக் கெடச்ச பரிசு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன்.

"சிரிக்காதீங்க. நமக்கு ஒரு மூட்டைக்கு அம்பது நாள். அந்த அம்பது நாள்ல ஒரு பீப்பா வந்துக்கிட்டிருந்துச்சு. இப்போ மார்ச்சுலேருந்து ரெண்டு ஆளுங்க கரி அள்ளிப் போடுறாங்க. எத்தன கொல காச்சிருக்கு?"

"ஒன்பது."

"ஒன்பது கொலைக்கு எட்டு பாட்டில் வந்தா பெரிசு. ஒரு பீப்பாய்க்கு உங்க ஆயுசு பத்தாதுங்க."

"அவதான் ரெண்டுலயும் என்னைவிடக் கெட்டிக்காரியாச்சே, அவளுக்கு எதுக்கு என் துணி?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

"அவங்க ரெண்டுலயும் கெட்டிக்காரங்க, திராட்சையில ரொம்பவே. நீங்க ரெண்டுலயும் மக்கு. ஆனா துணியில கொஞ்சம் கம்மியான மக்கு. அதச் செஞ்சா ரெண்டு வீடும் பொழைக்கும்."

பத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பட்டம் இது. அவள் சொன்னது சரி என்று இதற்குள் நான் எழுத மாட்டேன்.

ஆபெல்


அத்திமரத் தோட்டம்
1819 ஜூலை 10

ஆபெல்,

தபித்தாவின் கணக்கு சரி. மார்ச் மாதமே எனக்குத் தெரியும். சொன்னால் உன்னிடம் தோற்ற மாதிரி ஆகிவிடுமே என்று நாடாவை எறிந்துகொண்டிருந்தேன். ஆனால் இப்போது அந்தக் கணக்கைப் பார்க்க நேரமில்லை.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. வீட்டுக்கு வீடு தொட்டி கொடுத்தேன் அல்லவா? செஃபெரினோ அவற்றை என் முற்றத்துக்குச் சுமந்து வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கொட்டகை மிதிதொட்டியை ஒட்டியே இருக்கிறது. தொட்டிகளோ ஒயின் பீப்பாயை அறுத்தவை. இந்த வருஷம் என் கீழ்ச்சரிவில் காய் குறைவு என்பதும் ஊருக்குத் தெரியும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரி குறைகிற ஒயினுக்குப் பதிலாக ஊர் மூத்திரத்தை ஊற்றிப் பீப்பாயை நிரப்பப் போகிறாளாம்.

நான் முதலில் சிரித்தேன். போர்ட்டோவிலிருந்து வரும் வியாபாரி இந்த முறை என் கோப்பையைக் கையில் வாங்கி, முகர்ந்து, குடிக்காமலேயே கீழே வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மலையிலிருந்து வருஷா வருஷம் திராட்சை மிதிக்க ஆட்களைக் கூட்டிவரும் தொமே, "அம்மா, எங்க ஆளுங்க அந்தத் தொட்டியில கால் வைக்க மாட்டாங்களாம். மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். பறித்த பழத்தை இரண்டு நாளுக்குள் மிதிக்காவிட்டால் அத்தனையும் குப்பை. செப்டம்பரில் மிதிக்க ஆள் இல்லை என்றால் இந்தத் தோட்டம் என் கையில் நிற்காது. என் வீட்டுக்காரர் போன பிறகு ஏழு வருஷம் இதைத் தனியாகத் தூக்கி நிறுத்தினேன். கஷ்டமாக இருக்கிறது, ஆபெல்.

வாயைத் திறந்து நான் ஒரு வார்த்தை சொன்னால் இது தீரும். சொல்லப் போவதில்லை. ஏன் என்று கேட்காதே. உன் கொடிகளைக் கவனி.

அக்கா


நெசவுக்கூடம்
1819 ஆகஸ்ட் 2

அன்பு அக்கா,

இந்தக் கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படி.

ஏன் என்று கேட்காதே என்று எழுதினாய். கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாயக்கூடத்தில் நிற்கும்போது புரிந்துவிட்டது. உடனே தபித்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்களாவா கண்டுபிடிச்சீங்க?" என்றாள். நானேதான்.

அந்தத் தொட்டி துணி வெளுக்கத்தான் என்று நீ சொன்னால், அடுத்த கேள்வி, 'அப்போ இங்கிலாந்துத் துணியையும் இப்படித்தான் வெளுக்கிறாங்களா?' என்பதுதான். உங்கள் பள்ளத்தாக்கில் குளிருக்குப் போர்த்துகிற ஒவ்வொருவனும் ரேகுவா ஊர்க் கடையில் வாங்குவது என் துணி. நம் வீட்டு மூட்டை வருஷத்துக்கு ஒன்றுதான், ஆனால் என் கூடத்தில் பாதித் தறி அந்த ஒரு கடையை நம்பி ஓடுகிறது. உன் ஒயினைக் காப்பாற்றினால் என் துணி போகும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். என்னோடு போட்டிக்குத் தறி போட்டவள், என் தறி நிற்கக் கூடாது என்று தோட்டத்தை இழக்கத் தயாராக இருக்கிறாய்.

சொல்லிவிடு, அக்கா. எல்லாவற்றையும் சொல். ரேகுவாவில் என் துணி விற்காவிட்டால் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறேன். துணிக்கு நூறு ஊர் உண்டு. உன் திராட்சைக்கு அந்த ஒரு சரிவுதான்.

இன்னொன்று. இழுத்தேன். சனிக்கிழமைச் சந்தைக்கு நேரமாகிவிட்டது, அளவு குறைந்தது, ஆணிச்சட்டத்தில் மூன்று கஜம் இழுத்தேன். அக்காதானே, கண்டுகொள்ள மாட்டாள் என்று அந்த மூட்டையை உனக்கு அனுப்பினேன். உலகத்தில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளுக்கு அனுப்பியிருக்கிறேன் பார், தபித்தா கொடுத்த பட்டம் சரிதான்.

அன்று எழுதியிருக்க வேண்டிய வார்த்தை. ஒன்பது மாதம் தாமதம்.

உன் தம்பி,
ஆபெல்


அத்திமரத் தோட்டம்
1819 அக்டோபர் 8

என் ஆபெல்,

உன் கடிதம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிகிற நேரம் பார்த்துக் கோயில் வாசலில் போய் நின்றேன். ஊர் முழுக்க வெளியே வந்தது. தொமேயும் இருந்தான். பாதிரியார் நான் தைத்துக் கொடுத்த அங்கியோடு வந்தார்.

"சாமி, உங்க அங்கிய மோந்து பாருங்க" என்றேன்.

கையைத் தூக்கி முகர்ந்தார். "நல்லாத்தானே இருக்கு. சோப்பு வாசன."

"அது இந்த ஊரு மூத்திரத்துல வெளுத்தது. அந்தத் தொட்டியெல்லாம் அதுக்குத்தான். ஒயினுக்கு இல்ல."

நான் நிறுத்தவில்லை. "உங்க பழைய அங்கி எங்க ஊரு மூத்திரத்துல வெளுத்தது. தொமே, நீ போட்டிருக்கிற கோட்டும் அப்படித்தான். உம் பொண்டாட்டி சால்வையும்தான். ரேகுவா கடையில நீங்க வாங்குற துணி எல்லாமே எங்க வீட்டு வாசல் தொட்டியில முங்கி எழுந்து வந்ததுதான். அப்புறம் ஆத்துத் தண்ணியில பத்துத் தடவ அலசுவோம். நம்பலன்னா வந்து பாருங்க, கொட்டகையத் தொறந்து வச்சிருக்கேன்."

பாதிரியார் முகம் வெளுத்துவிட்டது. "அதப் போட்டுக்கிட்டா நான் ஈஸ்டர் பூசை வச்சேன்?" என்றார். பழைய அங்கியைச் சொல்கிறார். பிறகு வானத்தைப் பார்த்தார். "சரி. ஆண்டவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். அவரு ஒண்ணும் சொல்லல" என்றார்.

தொமே கோட்டைக் கழற்றி, உள்ளும் புறமும் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். "குளிர் தாங்குது. ஒயின்ல இல்லன்னா எனக்குப் போதும்" என்றான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. மீன்காரி லூதோவினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இத்தன வருஷமா அத வெளிநாட்டுலேருந்தா எறக்கிக்கிட்டிருந்தே? ஏன், எங்களோடது மட்டமா? உள்ளூர்க்காரி வயித்துல அடிச்சுட்டு எவளோ இங்கிலீஷ்காரியோடத வாங்குறியே!"

கைதட்டல் அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆபெல், அவர்கள் கோபப்பட்டது துணி எதில் முங்கியது என்பதற்கு இல்லை, யாருடையதில் முங்கியது என்பதற்கு! யார்க்ஷயரில் பீர் குடிப்பவர்கள் அதிகம், இங்கே ஒயின் கொஞ்சம்தான் குடிக்கிறார்கள், ஆகவே அந்தச் சரக்கில் எங்கள் ஊரை இவர்களால் முந்த முடியாது என்று சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டு வந்தேன்.

செப்டம்பரில் தொமே முப்பது ஆட்களோடு வந்தான். தோளோடு தோள் கோத்து, பாட்டுப் பாடி மிதித்தார்கள். இரண்டு பீப்பாய் குறைவுதான், ஆனாலும் தோட்டம் என் கையில் இருக்கிறது. போர்ட்டோ வியாபாரி வந்து கொட்டகையையும் பார்த்தான், கோப்பையையும் காலி செய்தான். ரேகுவா கடைக்காரர் மூன்று வாரம் ஈ ஓட்டினார். முதல் குளிர் அடித்த அன்று கடையில் நிற்க இடமில்லை. நீ வேறு ஊர் பார்க்க வேண்டாம்.

தறியைப் பிரித்துக் கொடிகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். கொட்டகையில் உன் மூட்டைக்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். பீப்பாய் இந்தக் கடிதத்தோடு கப்பலேறுகிறது.

இனி நான் சொல்ல வேண்டியது. என் நாக்குக்கும் ஆணிச்சட்டம் ஒன்று உண்டு, ஆபெல். மூன்று கஜக் குறையை முப்பது கஜத்துக்கு இழுத்துப் பேசினேன். அந்த ஒற்றைக் கை பேச்சை உனக்கு ஆறு வயதிலிருந்து பேசி வருகிறேன். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று, அதுவும் நீ முதலில் எழுதிய பிறகுதான் வந்தது. எல்லாவற்றிலும் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி என்று அப்பா சொன்னது தப்பு. தப்பை முதலில் ஒத்துக்கொள்வது எனக்கு வரவில்லை. அதை உன்னிடமிருந்துதான் நான் வாங்க வேண்டியிருந்தது.

உன் அக்கா


நெசவுக்கூடம்
1819 நவம்பர் 14

அக்கா,

பீப்பாய் வந்தது. மூப்பர் கிரீன்வுட் ஒரு கோப்பை குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். போன முறையும் கேட்டார். அதை நான் அப்போது எழுதவில்லை.

என் ஒயின் ஏழு பாட்டில் வந்தது. முதல் பாட்டிலை அவருக்கே கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சாப்பாட்டு ஜெபத்தை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஐந்து பாட்டிலை வினிகருக்குப் பதிலாக ஊற்றித் தபித்தா முட்டைக்கோஸ் ஊறப்போட்டுவிட்டாள், நன்றாக வந்திருக்கிறது. கண்ணாடி அறையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். நெசவாளிகள் தறிக்குப் போய்விட்டார்கள்.

கடைசிப் பாட்டிலை மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். குடிக்காதே. பார்க்க மட்டும்.

தப்பை ஒத்துக்கொள்கிற வேலையை இனி நானே பார்த்துக்கொள்கிறேன். உனக்கு அதில் நாள் அதிகம் பிடிக்கிறது. நீ திராட்சையைப் பார்.

துணி முப்பது கஜம். நனைத்துப் பார்.

ஆபெல்